தலைப்பக்கம்

மார்க்கர் பேனாவின் மூடியைப் பல்லால் கடித்து இழுத்து, அதைக் கடைவாயிலேயே அடக்கிக்கொண்டு, மரப்பெட்டியின் ஒரு கோடியில் குனிகிறார் பெட்டிக்காரர். 'தலை' என்று தமிழில் எழுதுகிறார். எழுத்து ஒவ்வொன்றும் ஓர் உள்ளங்கை அகலம். எழுதிவிட்டு நாலு எட்டுப் பின்னால் போய், சுவரில் படம் மாட்டியவர் சாய்வு பார்ப்பதுபோலக் கழுத்தைச் சாய்த்துப் பார்க்கிறார். மை எங்காவது இளைத்திருந்தால் மறுபடி வந்து அதன்மேலேயே அழுத்தி இழுக்கிறார். அப்புறம்தான் வாயிலிருந்து மூடி வெளியே வரும். கூடவே வார்த்தையும் வரும்.

"ஆச்சு. இனி ஐயா நிம்மதியாக் காலை நீட்டிப் படுத்துக்கிட்டே போகலாம்."

அந்தச் சரக்குக் கொட்டகையில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பெட்டியின் நாலு புறமும் விமான நிறுவனத்தின் சீட்டுகள் ஒட்டியிருக்கின்றன. தலை எது, கால் எது என்று அம்புக்குறியே போட்டிருக்கிறார்கள். பிறகு இது எதற்கு என்று கேட்டால் சிரிப்பார்.

"இங்க ஏத்துறவனுக்கு அது போதுங்க. அங்க எறக்குறவன் நம்ம ஆளு. அவசரத்துல சீட்டையெல்லாம் எவன் படிக்கிறான்? தமிழ்ல பார்த்தான்னா கை தானா மெதுவாகும். தலகீழா நிக்க வெச்சுட்டா, உள்ள இருக்கறவரு தட்டிக் கூப்பிடவா போறாரு?"

விமான நிலையம் என்றால் நமக்குக் கண்ணாடிச் சுவரும், செண்ட் வாசனையும், கட்டிப்பிடித்து அழுகிறவர்களும்தான் நினைவுக்கு வருவார்கள். பெட்டிக்காரரின் இடம் அதன் பின்புறம். டீசல் புகை, பளு தூக்கும் வண்டிகளின் பீப்பீ சத்தம், வலை போட்டு இறுக்கிய சரக்குக் குவியல்கள். மீன் ஒரு பக்கம், மோட்டார் உதிரிகள் ஒரு பக்கம், கூண்டுக்குள் யாரோ ஒரு பணக்காரரின் நாய்க்குட்டி ஒரு பக்கம். இவற்றுக்கு நடுவே எப்போதாவது ஒரு நீளப் பெட்டி வரும். அதைச் சாப்பாட்டுச் சரக்குக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, நாய்க் கூண்டுக்குப் பக்கத்திலும் வைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. நாய் ஊளையிட்டால் விமானம் தரையிறங்கும்வரை நிறுத்தாதாம்.

அவர் அங்கே மேற்பார்வையாளர். சம்பளம் மீனுக்கும் மோட்டாருக்கும்தான். பெட்டி வேலை தானாக வந்து ஒட்டிக்கொண்டது. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த ஒருவனை ஊருக்கு அனுப்பத் தெரியாமல் அவன் கூட்டாளிகள் கொட்டகை வாசலில் நின்று அழுதபோது, "ஏன்டா அழறீங்க, நான் இல்லை?" என்று இவர் வெளியே வந்தார். அன்றைக்கு வந்தவர்தான். அதற்கப்புறம் அந்த வெளிநாட்டு நகரத்தில் தமிழ்க் குடும்பம் எதில் சாவு விழுந்தாலும் முதல் போன் டாக்டருக்கு, இரண்டாவது இவருக்கு. காகிதத்துக்கு அலைவார், குளிர் அறைக்குச் சொல்வார், குளிப்பாட்ட ஆளில்லை என்றால் கைச்சட்டையை மடித்துக்கொண்டு தாமே இறங்குவார். பெட்டி ஏறி, விமானம் சக்கரத்தை மடக்கும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது.

பதிலுக்குக் கிடைத்த மரியாதையையும் சொல்ல வேண்டும். கல்யாண வரவேற்புகளில் அவர் உட்கார்ந்த மேசையில் கடைசிவரை ஒரு நாற்காலியாவது காலியாக இருக்கும். அவர் எண் இல்லாத போன் அங்கே கிடையாது. ஆனால் அவர் பெயரில் இருக்காது. கண்ணில் பட்டாலே ஆகாது என்று ஓர் அம்மாள் 'பிளம்பர்' என்று போட்டு வைத்திருந்தாள். அது தெரிந்தபோது பெட்டிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"தப்பில்லைம்மா. அடைப்பு எடுக்கிற வேலைதான் நானும் பண்றேன்."

சிரிக்காமல் அவர் சொல்லும் வாக்கியம் ஒன்று இருந்தது. அழுதுகொண்டிருப்பவர்களின் தோளைப் பிடித்து, சாமி சத்தியம்போல் சொல்வார். "இங்க எவ்வளவு நாள் இருந்தாலும் நம்மளை வாடகைக்குத்தான் வெச்சிருக்கான். செத்தவனுக்கு விசா வேணாம். அங்க போய்ச் சேர்ந்துட்டாப் போதும், ஊரு எடுத்துக்கும்."

ஊரு எடுத்துக்கும். இந்த ஒற்றை நம்பிக்கையில்தான் அவர் முதுகு அத்தனை பெட்டிகளுக்கும் வளைந்து கொடுத்தது. இந்த நம்பிக்கைக்கு ஒத்துவராதவர்களை அவருக்குப் பிடிக்காது. பள்ளிக்கூட டீச்சராக இருக்கும் ஒரு பெண், தன் அப்பாவை இங்கேயே எரித்துவிடப் போவதாகச் சொன்னபோது பொரிந்து தள்ளிவிட்டார்.

"அங்க அப்பாவைத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல அங்கிள்" என்றாள் அவள். "இங்கன்னா நான் வாரா வாரம் போய்ப் பார்ப்பேன்."

"வாரா வாரம் போக அது என்ன சூப்பர் மார்க்கெட்டாம்மா? பெத்த அப்பனை நாதியத்தவன் மாதிரி சுவிட்சைப் போட்டு எரிக்கிறதுக்கா உன்னைப் படிக்க வெச்சான்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். இவர் அன்று முழுவதும் கொட்டகையில் அவளைத் திட்டிக்கொண்டே இருந்தார்.

வீட்டில் இவரைத் திட்ட ஒரே ஓர் ஆள் உண்டு. மனைவி. ஓட்டல்களுக்குப் படுக்கை விரிப்பு வெளுத்துத் தரும் ஒரு கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். பிள்ளை இல்லை. இவர் பக்கத்தில் அப்பா அம்மா போய், இருந்த வீடும் கைமாறி, 'ஊர்' என்று சொல்லிக்கொள்ள மிச்சமில்லை. ஆகவே அவளுடைய பிறந்த வீடுதான் இரண்டு பேருக்கும் ஊர். அந்த வீட்டு மாடியில் ஓர் அறை கட்டும்போதே அவள் தம்பி, "இது அக்கா ரூம்" என்று சொல்லிச் சாவியைக் கையில் கொடுத்திருந்தான். இங்கே சமையலறை ஆணியில், வீட்டுச் சாவியோடு அந்தச் சாவியும் தொங்கும். வெள்ளிக்கிழமை தோறும் அதற்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைப்பாள்.

"பூட்டு அங்க இருக்கு, சாவிக்கு இங்க எண்ணெய் போடுறியே" என்பார் இவர்.

"நாம போறப்ப மக்கர் பண்ணக் கூடாதுல்ல" என்பாள்.

தம்பி மகள் என்றால் அவளுக்கு உயிர். அந்தச் சின்னவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அரக்கு நிறத்தில் ஒரு பட்டுப்புடவை வாங்கி, கண்ணாடி முன்னால் தோளில் போட்டுப் போட்டுப் பார்த்தாள். மணவறைக்குப் பக்கத்தில் அத்தையாக நிற்கப் போகிற புடவை.

"நல்லா இருக்கா?"

"பொண்ணு யாருன்னு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க குழம்பிடப் போறாங்க."

"போங்க. எல்லாரையும் அனுப்பி அனுப்பி, கடைசியில என்னை இங்கயே மறந்து விட்டுடப் போறீங்க. நான் எங்க வீட்டுக்குத்தான் போகணும், ஆமா."

"உனக்கு ஜன்னல் சீட்டே போட்டுத் தரேன், போதுமா?"

அந்தப் பேச்சை எந்த தேவதை கேட்டு 'ததாஸ்து' சொன்னாளோ! முகூர்த்தத்துக்கு ஒரு வாரம்கூட இல்லாத ஒரு காலையில், சூடான விரிப்பு ஒன்றை மடித்துக்கொண்டிருந்தவள் அதன்மேலேயே சாய்ந்தாள். தூக்கம் என்று நினைத்து யாரோ தட்டி எழுப்பினார்களாம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று மச்சினனுக்குப் போன் போட்டார். எத்தனையோ வீடுகளுக்குப் பக்குவமாகச் சொன்னவர், தம் வீட்டுச் சாவைச் சொல்லத் தெரியாமல் திணறினார்.

"அக்கா போயிட்டா மச்சான்."

அந்தப் பக்கம் ஓர் அலறல். அது பொய் இல்லை. வயிற்றிலிருந்து வந்த அலறல். ஆனால் அது பாதியில் அறுந்தது. பின்னால் பந்தல்காரர்கள் மூங்கில் கட்டும் சத்தம் கேட்டது. சீரியல் விளக்கை மாடிவரை இழுக்கச் சொல்லி யாரோ கத்தினார்கள். ஒரு கதவு சாத்தப்பட்டது. பிறகு குரல் மிகவும் இறங்கி வந்தது.

"அத்தான்... இங்க வேற யார்கிட்டயும் சொல்லிட்டீங்களா?"

"இல்ல, உனக்குத்தான் முதல்ல. நாளைக்கே ஏத்திடலாம். நீ ஏர்போர்ட்டுக்கு ஒரு வண்டி மட்டும்..."

"அவசரப்படாதீங்க அத்தான். பந்தக்கால் நட்டாச்சு. இப்ப இங்க அக்காவைக் கொண்டு வந்து இறக்கினா கல்யாணம் நின்னுடும். நின்ன கல்யாணப் பொண்ணை அப்புறம் யாரு அத்தான் எடுப்பாங்க? அவ அக்கா வளர்த்த பொண்ணு மாதிரி."

பெட்டிக்காரருக்குத் தொழில் கைகொடுத்தது. "சரி மச்சான். கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் இங்க குளிர் ரூம்ல வெச்சிருக்கேன். எனக்குத் தெரிஞ்ச இடம். பத்திரமா இருப்பா."

"முடிஞ்ச உடனே எப்படி? புதுப்பொண்ணு புகுந்த வீட்டுக்குப் போன கையோட இங்க சாவுன்னா, அவ கால் வெச்ச நேரம்னு சம்பந்தி வீட்ல சொல்லிட மாட்டாங்களா?"

"அப்ப வீட்டுக்கு வேணாம். நேரா சுடுகாட்டுக்குக் கொண்டு போயிடலாம்."

"ஊருக்குத் தெரியாமப் போகுமா? கூடப்பொறந்தவளை வாசப்படி மிதிக்க விடாம எரிச்சான்னு என்னைத்தானே காறித் துப்புவாங்க?" அவன் அழுதுகொண்டேதான் பேசினான். "நான் கெட்டவன் இல்ல அத்தான். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். அங்கயே முடிச்சிடுங்க. கல்யாணம் முடியற வரைக்கும் மூச்சு விடாதீங்க. அக்கா இருந்திருந்தா அவளே இதைத்தான் சொல்லியிருப்பா."

கடைசி வாக்கியம்தான் பெட்டிக்காரரை அடித்துப் போட்டது. ஏனென்றால் அது உண்மை. அந்தப் பைத்தியக்காரி அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

அரக்குப் பட்டை அவர் கையாலேயே கட்டிவிட்டார். கொசுவம் சரியாக நிற்கவில்லை. தகனக்கூடம் வெள்ளைச் சுவர்களும் பிளாஸ்டிக் பூக்களுமாக, பல் டாக்டரின் காத்திருப்பு அறைபோல் இருந்தது. கொட்டகைக் கூட்டாளிகள் சிலர் வேலைக்குப் போடும் மஞ்சள் சட்டையோடு வந்து நின்றார்கள். அவர் பெட்டி அனுப்பிக் கொடுத்த குடும்பங்களில் எதுவும் வரவில்லை. அவர்களுக்குச் சொல்லவே இல்லை. மூச்சு விடாதீர்கள் என்றல்லவா உத்தரவு!

ஆனாலும் ஒருத்திக்கு எப்படியோ தெரிந்திருந்தது. அந்த டீச்சர் பெண். அப்பாவின் அஸ்தி மாடத்தைப் பார்க்க வாரா வாரம் அங்கே வருகிறவள் அல்லவா, வாசல் பலகையில் பெயரைப் பார்த்திருக்கிறாள். ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பெட்டி உள்ளே போகும் நேரத்தில், அவர் பழக்கத்தில் எழுந்து அதன் ஒரு கோடிக்குப் போனார். கை தானாகச் சட்டைப் பையில் நுழைந்து மார்க்கரைத் தொட்டது. தொட்டுக்கொண்டே நின்றது. யாருக்காக எழுதுவது? அந்தப் பக்கம் இறக்கப் போகிறவன் யாரும் இல்லையே!

"பட்டனை நீங்கதான் அமுக்கணும் அங்கிள்" என்றாள் அந்தப் பெண், மெதுவாக. "நெருங்கின சொந்தம்தான் அமுக்கணும். இங்க அப்படித்தான்."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. விரலைப் பட்டன்மேல் வைத்தார். அவள் அவருடைய முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். அமுக்கினார்.

கல்யாணத்தன்று அவர் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்திருந்தார். காலையிலேயே மச்சினன் செய்தி அனுப்பியிருந்தான்: அக்காவுக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன், பின்னால் படம் கிடம் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாலை போட்ட படத்துக்கு முதுகைக் காட்ட மனம் வராமல், நாற்காலியைத் திருப்பி அதைப் பார்த்தபடியே உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் வெறும் சுவர்.

போனில் மணப்பெண் வந்தாள். நகையும் பூவுமாக, அத்தைக்குத் தவறாமல் காட்டும் அதே சிரிப்போடு.

"மாமா, அத்தை எங்க? இன்னிக்குக்கூட எழுந்து வர மாட்டாங்களாமா? கோவமா இருக்கேன்னு சொல்லுங்க."

"தூங்குறாம்மா."

"அந்த அரக்குப் பட்டைக் கட்டிக்கிட்டாங்களா இல்லையா? அதைச் சொல்லுங்க முதல்ல."

"கட்டிக்கிட்டாம்மா."

"அழகா இருக்காங்களா?"

"ரொம்ப அழகா இருக்கா."

போனை எட்டப் பிடித்துக்கொண்டு இருமினார். அவள் போனைச் சுழற்றிக் காட்டினாள். "இங்க பாருங்க, அத்தை ரூம்லதான் எனக்கு அலங்காரம். இனிமே மாப்பிள்ளை வந்தா தங்கறதுக்கும் இதுதான்."

"பூட்டியிருந்துதே... சாவி அத்தைகிட்டல்ல இருக்கு?"

"பூட்டா? அதைத்தான் எப்பவோ உடைச்சு மாத்திட்டாரே அப்பா, அத்தைகிட்ட சொல்லலையா? சரி மாமா, நேரமாச்சு. ரெண்டு பேரும் சேர்ந்து ஆசீர்வாதம் பண்ணுங்க."

பெட்டிக்காரர் வலது கையைத் தூக்கினார். அடுத்த கணம் இடது கையையும் தூக்கினார்.

அதன்பிறகும் பெட்டிகள் வருகின்றன. அவர் போகிறார், குனிகிறார், 'தலை' எழுதுகிறார். ஆனால் ஊர் எடுத்துக்கொள்ளும் என்று யாருடைய தோளையும் பிடித்துச் சொல்வதில்லை. போன் வந்தால் இறந்தவரின் பெயரைக் கேட்கும் முன்பே வேறொன்று கேட்கிறார்.

"அங்க சொல்லிட்டீங்களா? வாங்கிக்கறேன்னு வாயால சொன்னாங்களா? நல்லாக் கேட்டுக்கங்க."

சிலருக்கு அது சுருக்கென்று தைக்கிறது. பெட்டிக்காரருக்கு வயசாச்சு, மனசு கல்லாச்சு என்று பேசிக்கொள்கிறார்கள்.

அஸ்திச் சொம்பு சமையலறை அலமாரியில், சாவி தொங்கும் ஆணிக்குக் கீழே இருந்தது. நல்ல நாள் பார்த்துக் கொண்டு வாருங்கள் என்று சொன்ன மச்சினன், நாள் வந்தபோது தயங்கினான். "பொண்ணு முழுகாம இருக்கா அத்தான். அக்கா படுத்த படுக்கையா இருக்கான்னுதான் அவகிட்ட சொல்லி வெச்சிருக்கேன், இந்த நேரத்துல உண்மையைச் சொன்னா தாங்க மாட்டா. பிள்ளை பொறக்கட்டும்." பிள்ளை பிறந்தது. பச்சை உடம்புக்காரி வீட்டில் இருக்கிறாள் என்றான். பிறகு சில மாதங்கள் சத்தமே இல்லை. போன வாரம் அவனாகவே கூப்பிட்டான்.

"பார்சல்ல அனுப்பிடுங்க அத்தான். நீங்க எதுக்கு அலைஞ்சுக்கிட்டு? நானே ஆத்துல கரைச்சுடறேன். ஒண்ணு மட்டும்... வீட்டு அட்ரஸ் போடாதீங்க. கடை அட்ரஸ் போட்டுடுங்க."

"கடைக்கா?"

"ஆமா. கடைப் பசங்க வாங்கி வெச்சிடுவாங்க. உள்ள என்னன்னு எழுத வேணாம்."

அவர் கடை முகவரியைக் குறித்துக்கொண்டார். கோபித்தால்கூட மனைவிக்கென்று இருந்த ஒரே வாசலும் சாத்திக்கொள்ளும்.

இன்றைக்கு மதியம், மீன் சரக்கு ஏறிப் போனபின், கொட்டகை மூலையில் சதுரமான ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சொம்பின் வாயைத் துணியால் கட்டியாயிற்று. அசையாமலிருக்கச் சுற்றிலும் பஞ்சு வைத்து அடைத்தாயிற்று. எண்ணெய் போட்டுப் பளபளவென்றிருக்கும் அந்தச் சாவியையும் ஓரமாகச் செருகி, மூடி, நாடா ஒட்டியாயிற்று. கடை முகவரி ஒட்டியாயிற்று. பளு தூக்கும் வண்டிக்காரன் சற்றுத் தள்ளியே காத்திருக்கிறான்.

பெட்டிக்காரர் சட்டைப் பையிலிருந்து மார்க்கரை எடுக்கிறார். மூடியைப் பல்லால் கடித்து இழுத்துக் கடைவாயில் அடக்கிக்கொண்டு குனிகிறார். பெட்டியை ஒரு பக்கம் திருப்பிப் பார்க்கிறார். இன்னொரு பக்கம் திருப்புகிறார். நாலு பக்கமும் ஒரே அளவாக இருக்கிறது. மறுபடி முதல் பக்கத்துக்கே வருகிறார். பேனா முனை அட்டைக்கு ஒரு நூல் மேலே நிற்கிறது. மூடி இன்னும் வாயிலேயே இருக்கிறது. பெட்டியை மறுபடி திருப்புகிறார்.